நாலு ஓட்டைக்கு ஒரு மெஷின்

வீட்டுக்கு டிரில்லிங் மெஷின் வாங்குவதாக இருந்தால், வருடத்துக்கு எத்தனை ஓட்டை போடுவோம் என்று முதலில் யோசிக்க வேண்டும். விலையும் பிராண்டும் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டுக்கு நாலு ஓட்டை. நாலு ஓட்டைக்கு ஒரு மெஷின் அதிகம் என்று நினைத்தேன். அது தவறான யோசனை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் இந்தியில் கேட்டீர்கள். நான் தமிழில் எழுதுகிறேன். எனக்கு இந்தி பேச வரும், எழுதினால் பிழை வரும். இதில் பிழை வரக் கூடாது.

என் பெயர் ஜாஹிர். வயது இருபத்தொன்பது. இயற்பியலில் பி.எஸ்ஸி. ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். லம்பா லைன் பகுதியில் அழகையா என்பவருடைய வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறேன். என் மனைவி அஸ்ரின் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மின்சாரம் தாக்கி இறந்தாள். ஐந்து வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அதே சுவருக்கு முன்னால் எங்கள் சந்தைச் சேர்ந்த நௌஷாத் இறந்தான். இரண்டாவது மரணத்துக்காகத்தான் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள். ஆனால் மெஷினிலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

மெஷின் கேட்டது அஸ்ரின். அவள் திக்லிபூர்ப் பெண். அவளுடைய அத்தா அங்கே தச்சு வேலை பார்க்கிறார். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தால் அவள் கை ஆடாது. என் கை ஆடும். மழை தொடங்கியதும் எங்கள் தரை ஊறி, கீழே வைத்த அரிசியும் மாவும் பூஞ்சை பிடித்தன. சுவரில் ஒரு பலகை மாட்ட வேண்டும் என்றாள். அதற்குத்தான் நாலு ஓட்டை.

அபர்டீன் பஜாரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது சஸ்தா, இது பக்கா. சஸ்தா ஒரு வருஷம் ஓடும். பக்கா உங்க புள்ள காலத்துக்கும் ஓடும்."

"ரிப்பேர் ஆனா?"

"மெயின்லேண்டுக்கு அனுப்பணும் பாய். ஷிப்ல போவும். வந்தா வரும்."

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது புரியாது. அங்கே நல்ல பொருள் என்றால் நல்ல பொருள். இந்தத் தீவில் அது பழுதானால் சென்னைக்குக் கப்பலேறிப் போய், யாராவது ஒருவர் அதை வாங்கி, யாராவது ஒருவர் திரும்ப ஏற்றி அனுப்ப வேண்டும். உப்புக் காற்று நல்ல பொருளையும் மோசமான பொருளையும் ஒன்றாகத்தான் தின்கிறது. அதனால் இங்கே பாதிப் பேர் மலிவாக வாங்கித் தூக்கிப் போடுகிறார்கள். மீதிப் பேர் இரவல் வாங்குகிறார்கள்.

மலிவு மெஷின் இரும்பு உடம்பு. கையில் எடுத்தால் கனமாக இருந்தது. மற்றது பிளாஸ்டிக், பொம்மை மாதிரி. இரும்புதான் உறுதியாகத் தெரிகிறது என்றேன்.

"கனமா இருந்தா நல்ல மெஷினா மச்சான்? அம்மிக்கல்லுகூட கனமாத்தான் இருக்கு," என்றாள் அஸ்ரின். கடைக்காரர் சிரித்துவிட்டார். அவள் பிளாஸ்டிக் மெஷினைத் திருப்பி ஒரு சின்னக் குறியைக் காட்டினாள். சதுரத்துக்குள் ஒரு சதுரம். "ரெட்டைக் காப்பு. உள்ள கரண்டு கசிஞ்சாலும் கைக்கு வராது. இதுக்கு எர்த்தே வேணாமாம். வீடியோவுல பாத்தேன்."

அவள் சொன்னது சரி. அது எனக்குத் தெரியும். இரும்பு உடம்புக்கு எர்த் வேண்டும், மூன்று பின் வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் நடக்கும்போது மேசையில் சர்க்யூட் வைத்துக் கொடுப்பது நான்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

"நாலு ஓட்டைதானே," என்றேன்.

"நாலு ஓட்டையும் நாந்தானே போடப்போறேன்," என்றாள்.

எங்கள் சந்தில் ஒரு மெஷின் உண்டு. மூன்று வீடு தள்ளி இருக்கும் சேக் தாவூத் மாமாவுடையது. சொந்த மாமா இல்லை. மளிகைக் கடை வைத்திருக்கிறார், சந்தில் எல்லோருக்கும் மாமா. அவர் வாங்கியதும் மலிவு மெஷின்தான், இரும்பு உடம்பு. சந்தில் உள்ள எல்லாச் சுவரிலும் அதுதான் ஓட்டை போட்டிருக்கிறது. அதைப் பிடித்தால் கையில் மின்சாரம் இலேசாகச் சுருக்கென்று ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசும்போது சிரிப்பார்கள்.

நான் கேட்கப் போன அன்று மாமாவின் மகன் நௌஷாத் திண்பண்ட டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் அவனுக்கு வேலை. விடுப்பு நாளில் கடையில் நிற்பான்.

"கிள்ளுமாமே?" என்று கேட்டேன்.

"கிள்ளுறதெல்லாம் இல்ல ஜாஹிர் பாய். குத்குதி பண்ணும், பஸ்." குத்குதி என்றால் கிச்சுகிச்சு, பஸ் என்றால் அவ்வளவுதான். "செருப்புப் போட்டுக்கிட்டா அதுவும் இல்ல."

"ஆளப் பாத்துத்தான் கிள்ளும்," என்றார் மாமா. "எம் மருமக அஸ்ரினக் கிள்ளாது. கொண்டு போ. அவசரமில்ல."

அஸ்ரின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மறுநாள் ஸ்கேல் வைத்துச் சுவரில் பென்சிலால் நாலு புள்ளி குறித்தாள்.

அந்த ஞாயிறு எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வரும் நாள். மூன்று நாளைக்கு ஒரு முறை, அரைமணி நேரம் வரும். அந்த அரைமணியில் வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரமும் நிரம்ப வேண்டும். நான் வெளியே நின்று, தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு டிரம்முக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். டிரம் உள்ளே இருந்தது. நிரம்பி வழிந்து தரை முழுக்க ஈரம். அதில் வெறுங்காலோடு நின்று அவள் சுவரைக் குடைந்துகொண்டிருந்தாள். இரண்டு ஓட்டை முடிந்த சத்தம் கேட்டது. மூன்றாவதில் சத்தம் மாறியது. மாறிய பிறகு நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சுவரைக் குடையும் சத்தம் கரகரவென்று இருக்கும். வெறுமனே சுற்றும் சத்தம் மெலிந்து, ஒரே சீராக இருக்கும். நான் கேட்டது இரண்டாவது சத்தம். அவள் ஏதோ சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். குழாயை மூடினேன். மோட்டாரை நிறுத்தினேன். வாளியை நகர்த்தி வைத்தேன். பிறகு உள்ளே போனேன். நாற்பது வினாடி இருக்கும்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். துக்கம் வரும் என்றார்கள். வரவில்லை, பயம்தான் வந்தது.

முதலில் பயந்தது மெஷினைப் பார்த்து இல்லை, உங்களைப் பார்த்து. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பம்பு மோட்டார் சுவிட்சைத் தொட்டாள் என்று சொன்னேன். அப்படியே எழுதினார்கள். மழைக்காலத்தில் இது புதிதில்லை. அதற்குள் மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். வீட்டுக்கார அழகையா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என் மோட்டாரு கொன்னுருச்சேப்பா. போன மாசமே மாத்தணும்னு நெனச்சேன். சோம்பேறித்தனம்."

பரவாயில்லை என்றேன். ஒரு வாரத்தில் புது மோட்டார் மாட்டினார். இப்போதும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸா தொழுகைக்கு முன் இறந்தவருக்கு உரியவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும்: இவருக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால், இவரிடம் யாருடைய அமானிதமாவது இருந்தால், என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அமானிதம் என்றால் நம்பிக் கொடுத்து வைத்த பொருள். அது திரும்பிப் போகாத வரைக்கும் இறந்தவரின் தலைமேல் பாரம். நான் எழுந்து நின்று சொன்னேன். முன்வரிசையில் சேக் தாவூத் மாமா நின்றார். வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு மெஷினைக் கேட்க எந்த மனிதனுக்கு வாய் வரும்? பிறகு மாமாவின் மனைவி ரம்ஜான் பீவி மாமி கஞ்சி கொண்டு வந்தபோது, தானாகவே சொன்னார்:

"மெஷினுக்கு ஒண்ணும் அவசரமில்லத்தா. நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறதுக்குள்ள குடுத்துட்டா புள்ளைக்கு நல்லது. அவ பேர்ல நிக்கக் கூடாது பாரு."

அதற்குப் பிறகுதான் பெட்டியை வெளியே எடுத்தேன்.

ஒரு விஷயத்தை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதில் மூன்று பின் பிளக் இருந்தது. எங்கள் எக்ஸ்டென்ஷன் போர்டில் இரண்டு பின்னுக்குத்தான் இடம். வயரை வெட்டி இரண்டு பின் பிளக் போட்டேன். எர்த் வயரை மடக்கி டேப் சுற்றினேன். அஸ்ரின் கேட்டாள்: "மூணு பின் இருந்துச்சே மச்சான்?" மூன்றாவது சும்மா என்றேன். சந்தில் எல்லோரும் செய்வதுதான். மாமா வீட்டுச் சுவரில் எர்த் துருப்பிடித்தாவது இருந்தது. கசிந்த மின்சாரத்தில் பெரும்பகுதி அதில் போயிருக்கும், மிச்சம்தான் கிள்ளியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் போக வேறு வழி இல்லை.

இது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் இருக்கலாம். மெஷின் உள்ளே அன்றைக்குப் புதிதாகப் பழுதாகியிருக்கலாம். அவளுடைய இதயம் பலவீனமாக இருந்திருக்கலாம். அவளுடைய நேரம் முடிந்திருக்கலாம். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பயம்.

சுவிட்சைத் தொட முடியவில்லை. மரக் கரண்டியால் தட்டினேன். குளிக்கும்போதும் ரப்பர் செருப்பைக் கழற்றவில்லை. ஃபேன் இல்லாமல் படுத்தேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் எழுந்து வெளியே போய் நின்றேன். யார் கதவைத் தட்டினாலும் மெஷினுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். வாங்கிப் போய்ப் பிளக்கைப் பார்ப்பார்கள். யார் மாற்றியது என்று கேட்பார்கள்.

நீங்கள் கேட்டீர்கள்: புது மூன்று பின் பிளக் ஒன்றை மாட்டிக் கொடுத்திருக்கலாமே? ஐந்து நிமிட வேலை. ஆம். ஒரு நாள் பஜாரில் வாங்கியும் வந்தேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து உட்கார்ந்தேன். அதை மாட்டினால், பிளக்தான் காரணம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்னும் நிரூபணமாகாத ஒன்றை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். டெஸ்டர் என் சட்டைப் பையிலேயே இருக்கும். இந்தச் சந்தில் மழைக்காலத்தில் ஈரச் சுவரில் வைத்தாலே டெஸ்டர் எரியும். மின்சாரம் இருக்கிறதா என்று அது சொல்லும். அது ஓர் ஆளைக் கொல்லுமா என்று சொல்லாது.

அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

எழுதினால் இது மோசமாகத் தெரிகிறது. அந்த நாட்களில் அப்படித் தெரியவில்லை. அதே மெஷின், அதே பிளக், அதே சுவர். ஒருவர் பிடித்து ஓட்டை போட்டு, கையை உதறிச் சிரித்துவிட்டுப் போனால் போதும். அஸ்ரின் இறந்தது என்னால் இல்லை என்று ஆகிவிடும். நான் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். எனவே நௌஷாத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அவனுடைய மனைவி ஷாஹிதாவைவிட அதிகமாக விரும்பியவன் நான். இதைத் தயவுசெய்து அப்படியே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

நௌஷாத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தனிக் காரணம் இல்லை. என்னால் முடியாது, என் கை ஆடும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டதும் வருகிறவன். நாற்பதாம் நாளுக்கு ஐந்து நாள் முன்னால் கடைக்குப் போய், அஸ்ரின் ஆரம்பித்த பலகை பாதியில் நிற்கிறது, கத்தத்துக்கு ஆட்கள் வருமுன் முடித்துவிட்டால் மெஷினை அப்படியே நீ எடுத்துப் போகலாம் என்றேன்.

"இதுக்கா இவ்ளோ தயங்குறீங்க பாய்? தஸ் மினிட் வேலை," என்றான். அடுப்படியிலிருந்து ஷாஹிதா குரல் கொடுத்தாள்: "முடிச்சிட்டு ஜாஹிர் பாயையும் கூட்டிட்டு வாங்க. மீன் பொரிக்கிறேன்."

பதினொரு மணிக்கு வந்தான். எல்லோரையும் போல வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே கால் வைத்ததும் நின்றான்.

"க்யா பாய், தரையெல்லாம் தண்ணியா கெடக்கு?"

"டிரம் வழிஞ்சிருச்சு."

"நம்ம சைடு இன்னிக்குத் தண்ணி வராதே?"

"நேத்துப் புடிச்சது," என்றேன்.

தண்ணீர் ஊற்றியது நான். அரை வாளி. அஸ்ரினுக்கு இருந்த அதே ஈரம் இருக்க வேண்டும். பார்க்கிற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைக்க வேண்டும். சோதனையின் முதல் பாடம் அது.

அவன் சுவரில் இருந்த பென்சில் புள்ளிகளைப் பார்த்தான். "அஸ்ரின் பாபி போட்டதா? என்னா லைன் பாருங்க. நம்ம கப்பல் கேப்டன்கூட இவ்ளோ நேரா போவ மாட்டாரு." சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டு, என் தோளைத் தொட்டான். பிறகு பெட்டியைத் திறந்து வயரை இழுத்தான்.

"பிளக் மாத்திட்டீங்களா?"

"எங்க போர்டுல ரெண்டு ஓட்டைதான்."

"சலேகா," என்றான்.

சலேகா என்றால் பரவாயில்லை, ஓடும் என்று அர்த்தம். எங்கள் சந்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அவனுக்கும் தெரிந்திருந்தது, பார்த்தான், சம்மதித்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கதவோரம் ரப்பர் செருப்போடு நின்றேன். சுவிட்ச் போர்டு என் வலது கைப் பக்கம். மரக் கரண்டி கையில் இருந்தது. அதைப் பார்த்து, "சமையலா பாய்?" என்று கேட்டான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். மூன்றாவது புள்ளியில் முனையை வைத்து அழுத்தினான். கரகரவென்று கேட்டது. ஏழெட்டு வினாடி அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஏழெட்டு வினாடிதான் இந்த ஐந்து வாரத்தில் நான் நிம்மதியாக இருந்த நேரம். அப்புறம் அவன் ஈரச் சுவரில் இடது உள்ளங்கையை ஊன்றினான். சத்தம் மெலிந்து, ஒரே சீரானது.

சுவிட்சை எப்போது அணைத்தாய் என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது. நாற்பது வினாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸ்ரினிடம் நான் வந்து சேர அவ்வளவு நேரம் ஆனது. இவனுக்கு மட்டும் முன்னாலேயே அணைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. முதல் பத்து வினாடியில் அவனுடைய கண் என் பக்கம் திரும்பியது. நான் மிகவும் பயந்துபோயிருந்தேன்.

பிறகு வெளியே ஓடிச் சத்தம் போட்டேன். முதலில் வந்தவர் அழகையா. புது மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான்தான் செய்தேன். பிளக்கை மாற்றினேன், தண்ணீர் ஊற்றினேன், அழைத்து வந்தேன், பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மெஷின் உங்களிடம் இருக்கிறது. சேக் தாவூத் மாமாவிடம் அது சேர வேண்டும், அஸ்ரின் பேரில் நிற்கக் கூடாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு தடவையும் தரை ஈரமாக இருந்தது. அதனால் பிளக்தான் காரணம் என்று இதுவரை யாராலும் சொல்ல முடியாது. காய்ந்த தரையில் ஒருவர் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.